மளிகைக் கடையும் வாக்குச் சீட்டும்

1936ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் தேதி நடந்த அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில், அன்றிருந்த 48 மாநிலங்களில் 46 மாநிலங்களைக் கைப்பற்றிப் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இரண்டாம் முறையாகப் பதவிக்கு வந்தார் என்பதைச் சரித்திர நூல்கள் யாவும் விஸ்தாரமாகச் சொல்லும். அதே நாளில், அதே வாக்குச் சாவடிகளில், கலிபோர்னியா மாநிலத்து வாக்காளர்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்கப்பட்டது. தெருக்கோடியில் உப்பும் மாவும் சர்க்கரையும் விற்கும் கடை எப்படிப்பட்டவர் கையில் இருக்க வேண்டும் என்பதே அக்கேள்வி. ஒரே முதலாளி பல ஊர்களில் பல கடைகளை வைத்து நடத்தும் சங்கிலிக் கடைகளின்மேல், கடைகளின் எண்ணிக்கை ஏற ஏறத் தானும் ஏறும் ஒரு வரியை முந்திய ஆண்டில் மாநிலச் சட்டசபை விதித்திருந்தது. அச்சட்டம் நிலைக்கலாமா, கூடாதா என்பதை ஜனங்களே முடிவு செய்யும்படி 22ஆம் எண் பிரேரணை என்ற பெயரில் அது வாக்குச் சீட்டில் ஏறியிருந்தது. சிறு வியாபாரிகளைக் காப்பதற்கென்று கொண்டுவரப்பட்ட அந்தச் சட்டத்தை, அச்சிறு வியாபாரிகளுக்கு அண்டை வீட்டாராகவும் வாடிக்கைக்காரராகவும் இருந்த ஜனங்களே தோற்கடித்தார்கள். தேர்தல் பிரசாரம் என்பது சம்பளத்துக்குச் செய்யப்படும் ஒரு தனித் தொழிலாக வளர்ந்த கதையும், சிறு வணிகத்தைப் பற்றிய சட்டங்களின் கதையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்ட இடம் அது. ஆகவே அதைச் சற்று நிதானமாக ஆராய்வது தகும்.

அக்காலத்து அமெரிக்க மளிகைக் கடைக்காரரை அறிந்துகொண்டால்தான் வழக்கின் உள்ளுறை விளங்கும். மாவும் சர்க்கரையும் பீப்பாய்களில் இருக்க, காப்பிக் கொட்டையும் பட்டாணியும் மூட்டைகளில் நிற்க, வாடிக்கைக்காரர் கேட்கும் பண்டத்தைக் கடைக்காரரே எடுத்து நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். ரொக்கம் இல்லாதவருக்குப் பற்று எழுதிக்கொண்டு, கூலி கிடைக்கும் நாளிலோ அறுவடை முடிந்த பின்னரோ கணக்குத் தீர்த்துக்கொள்வார். நடக்க இயலாதவர்களுக்குப் பையன் மூலம் வீட்டுக்கே சாமான் அனுப்பிவைப்பார். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் தேவாலயத்துக்கும் நன்கொடை கேட்டு வருவோர் முதலில் ஏறும் படி அவருடைய கடைப் படிதான். அவர் ஈட்டிய லாபம் அவ்வூர் வங்கியிலேயே தங்கி, அவ்வூராருக்கே கடனாகத் திரும்பியது. இவையெல்லாம் உண்மை. ஆனால் அவர் விற்ற பண்டத்தின் விலை அதிகமாயிருந்தது என்பதும் அதே அளவு உண்மை. தயாரிப்பாளரிடமிருந்து தரகரும், தரகரிடமிருந்து மொத்த வியாபாரியும், மொத்த வியாபாரியிடமிருந்து கடைக்காரரும் வாங்கி, ஒவ்வொருவரும் தத்தம் பங்கை ஏற்றிவைத்த பிறகே அப்பண்டம் ஏழையின் சமையலறையை அடைந்தது. பற்று எழுதியவர்கள் கட்டத் தவறிய பாக்கியையும், ரொக்கம் கொடுத்தவர்களே விலையின் மூலம் சுமந்தார்கள்.

இந்த ஏற்பாட்டை உடைத்த கம்பெனிகளில் தலையாயது கிரேட் அட்லாண்டிக் அண்ட் பசிபிக் டீ கம்பெனி. 1859இல் நியூயார்க்கில் தேயிலை வியாபாரமாகத் தொடங்கிய அந்த ஸ்தாபனத்தை ஜனங்கள் ‘ஏ அண்ட் பி’ என்று சுருக்கி அழைத்தார்கள். அதைத் தந்தைக்குப் பின் நடத்திய ஜார்ஜ் ஹார்ட்போர்டு, ஜான் ஹார்ட்போர்டு என்ற சகோதரர் இருவரில், மூத்தவர் பணப்பெட்டியைக் காப்பவர். இளையவர் வியாபார யுக்திகளில் வல்லவர். 1912இல் ஜான் ஒரு புதுமாதிரிக் கடையைத் திறந்தார். சிறிய வாடகை இடம், ஒரே ஒரு சிப்பந்தி, ரொக்கத்துக்கு மட்டும் விற்பனை. கடன் இல்லை, வீட்டுக்கு அனுப்புவது இல்லை, தொலைபேசியில் கேட்டு வாங்குவதும் இல்லை. இத்தனையையும் நீக்கியதால் மிச்சப்பட்ட செலவை விலைக் குறைப்பாக ஜனங்களுக்குத் தந்தார். அதே மாதிரியில் நாடெங்கும் கடைகள் பெருகின. 1930 வாக்கில் அக்கம்பெனிக்குக் கடைகள் 15,000க்கு மேல். ஆண்டு விற்பனை 100 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. மளிகையில் மட்டுமன்றி மருந்துக் கடை, துணிக் கடை, சில்லறைச் சாமான் கடை ஆகியவற்றிலும் இத்தகைய கம்பெனிகள் பரவி, நாட்டின் சில்லறை வர்த்தகத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தம் கையில் வைத்திருந்தன.

கொள்முதலில்தான் இக்கம்பெனிகளின் பலம் முழுவதும் தெரிந்தது. ஆயிரக்கணக்கான கடைகளுக்கு ஒரே கையாக வாங்குகிறவருக்குத் தயாரிப்பாளர் தனிக் கழிவு கொடுத்தார். விளம்பரச் செலவுக்கென்று ஒரு தொகை கொடுத்தார். தரகரே இல்லாத வியாபாரத்தில் தரகுப் பணத்தையும் வாங்குகிறவருக்கே கொடுத்தார். ஒரே பண்டத்தை ஒரே நாளில் வாங்கிய சிறு கடைக்காரருக்கு இவற்றில் ஒன்றும் கிட்டவில்லை. மத்திய வர்த்தகக் கமிஷன் 1928 முதல் 1934 வரையில் நடத்திய நீண்ட விசாரணையில் இந்த விவரங்கள் வெளியாயின. சிறு வியாபாரி தம் திறமைக் குறைவால் மட்டும் தோற்கவில்லை, தராசே ஒரு பக்கம் சாய்த்துப் பிடிக்கப்பட்டிருந்தது என்று சொல்வதற்கு அதில் ஆதாரம் இருந்தது.

மனக்குறை அரசியலாவதற்கு ஒரு குரல் தேவைப்பட்டது. லூயிசியானா மாநிலத்து ஷ்ரீவ்போர்ட் நகரில் சொந்தமாக வானொலி நிலையம் வைத்திருந்த டபிள்யூ. கே. ஹென்டர்சன் என்பவர் 1929 முதல் இரவு தோறும் சங்கிலிக் கடைகளைக் கடுஞ்சொற்களால் தாக்கிப் பேசலானார். ஊர்ப் பணம் நியூயார்க்குக்கு வடிந்து போகிறது, ஊர் வாலிபர்கள் முதலாளிகளாகும் வாய்ப்பை இழந்து சிப்பந்திகளாகிறார்கள் என்பதே அவர் பேச்சின் சாரம். அவர் தொடங்கிய வியாபாரிகள் சங்கத்தில் ஆயிரக்கணக்கானோர் சந்தா கட்டிச் சேர்ந்தார்கள். அவர் பேச்சில் பண்பு குறைவு. சங்கத்துக்கு வந்த பணத்தைப் பற்றியும் பின்னர்ச் சந்தேகங்கள் எழுந்தன. எனினும், கட்சி மேடை ஏறாத ஒரு பொருளாதாரக் குறையை வானொலியின் வழியாக வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுசென்றவர் அவரே. வானொலியை அரசியலுக்கு உபயோகிப்பதில் பின்னால் வந்த பெரியவர்கள் பலருக்கு அவர் முன்னோடி என்பது என் அபிப்பிராயம்.

சட்டசபைகளுக்கு அந்தக் குரல் எட்டியது. 1929இல் இந்தியானா மாநிலம் ஒரு வரி விதித்தது. ஒரே கடை உடையவர் ஆண்டுக்கு 3 டாலர் கட்டினால் போதும். கடைகள் பெருகப் பெருக வீதமும் ஏறி, இருபதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கடைக்கும் 25 டாலர் என்று முடியும். இவ்வாறு எண்ணிக்கையைப் பார்த்து வரி விதிப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று வழக்குப் போடப்பட்டது. 1931இல் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு, ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமுமாகப் பிரிந்து, வரி செல்லும் என்று தீர்ப்பளித்தது. மதகு திறந்ததுபோல மாநிலத்துக்கு மாநிலம் இத்தகைய சட்டங்கள் பெருகின. பொருளாதார மந்தத்தால் சொத்து வரி வசூல் குன்றிப்போயிருந்த காலத்தில், வெளியூர்க் கம்பெனியிடமிருந்து வரும் பணம் எந்தச் சட்டசபைக்கும் கசக்கவில்லை. லூயிசியானாவில் அம்மாநில அரசியல் தலைவர் ஹியூயி லாங் 1934இல் கொண்டுவந்த சட்டம், அம்மாநிலத்திலுள்ள கடைகளுக்கே வரி விதித்தபோதிலும், வீதத்தை நிர்ணயிக்க நாடு முழுவதிலும் அக்கம்பெனிக்குள்ள கடைகளை எண்ணிற்று. உச்ச வீதம் கடைக்கு 550 டாலர்.

இந்த வாதங்களுக்கெல்லாம் சிகரமாக நிற்பது 1933இல் புளோரிடா மாநில வரி வழக்கில் நீதிபதி லூயி பிராண்டைஸ் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு. விலை மலிவா உயர்வா என்ற கணக்கோடு அவர் நிற்கவில்லை. பொருளாதார அதிகாரம் சிலர் கையில் குவிந்தால் குடிகளின் சுதந்திரம் என்னவாகும்? பிறருக்கு ஊழியம் செய்பவர்களே நிறைந்த நாட்டில் ஜனநாயகம் எப்படித் தழைக்கும்? கம்பெனிகளின் பருமனுக்கு எல்லை வகுக்க ஒரு மாநிலத்துக்கு ஏன் உரிமை இருக்கலாகாது? இவ்வாறு அவர் கேட்டார். சிறு வியாபாரியின் தரப்பில் சொல்லப்பட்டவற்றுள் இதைவிட உயர்ந்த வாதம் வேறு இல்லை. நீதிமன்றத்தில் எழுந்த இந்த உயர்ந்த வாதம், பின்னர் ஜனங்களின் முன்னிலையில் அதே உயரத்தில் எடுத்துவைக்கப்படவே இல்லை என்பதைத்தான் இந்த வரலாற்றில் நான் பெரிய துயரமாகக் கருதுகிறேன்.

இனிக் கலிபோர்னியாவுக்கு வருவோம். பணம் பெற்றுக்கொண்டு பிரசாரத்தை நடத்தித் தரும் தொழில் அமெரிக்காவில் முதன்முதலாக ஊன்றி வளர்ந்த மண் அது. 1933இல் கிளெம் விட்டேக்கர், லியோன் பாக்ஸ்டர் இருவரும் அதற்கென்றே ஒரு கம்பெனியைத் தொடங்கியிருந்தார்கள். 1934 கவர்னர் தேர்தலில் நாவலாசிரியர் அப்டன் சின்க்ளேருக்கு எதிராக நடந்த பிரசாரத்தில் பத்திரிகை, வானொலி, சினிமாப் படம் ஆகிய மூன்றும் ஒருங்கே கட்டவிழ்த்து விடப்பட்டன. அத்தேர்தலில் வென்ற பிராங்க் மெரியம் கையெழுத்திட்டதே 1935இன் சங்கிலிக் கடை வரிச் சட்டம். அதன் விகிதம் எவரையும் திடுக்கிடச் செய்யும்: முதற் கடைக்கு 1 டாலர், இரண்டாவதற்கு 2, மூன்றாவதற்கு 4 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒன்பதாவதற்கு 256 டாலர், பத்தாவது முதல் ஒவ்வொரு கடைக்கும் 500 டாலர். நூற்றுக்கணக்கான கடைகள் வைத்திருந்த கம்பெனிகள் இதைத் தாங்க முடியாது. அம்மாநில அரசியல் சட்டப்படி போதிய வாக்காளர்கள் கையெழுத்திட்டுக் கேட்டால் பெரும்பாலான சட்டங்களை ஜன வாக்குக்கு விடலாம். கம்பெனிகள் கையெழுத்துகளைத் திரட்டிச் சட்டத்தை அமலாகாமல் நிறுத்திவைத்தன. அடுத்த தேர்தலுக்கு ஓராண்டுக்கு மேல் அவகாசம் கிடைத்தது. அந்த அவகாசத்தை அவை செலவழித்த விதம்தான் நாம் கவனிக்க வேண்டியது.

‘லார்ட் அண்ட் தாமஸ்’ என்ற விளம்பரக் கம்பெனியிடமும், அதன் தலைவர்களில் ஒருவரான டான் பிரான்சிஸ்கோவிடமும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அவர் எடுத்த எடுப்பில் துண்டுப் பிரசுரம் அச்சடிக்கவில்லை, மேடை போடவுமில்லை. ஜனங்கள் சங்கிலிக் கடைகளை ஏன் வெறுக்கிறார்கள் என்று விசாரித்து அறிய ஆட்களை அனுப்பினார். சிப்பந்திகளுக்குச் சம்பளம் குறைவு, வேலை நேரம் அதிகம், ஊர்க் காரியங்களுக்குக் கம்பெனி கை கொடுப்பதில்லை, விவசாயியின் விளைபொருளை அடிமாட்டு விலைக்குக் கேட்கிறது என்று பதில்கள் வந்தன. இவற்றை மறுத்து வாதாடுவதை விட்டு, குறைகளைக் களைவதற்கே கம்பெனிகளைத் தூண்டினார். சம்பளமும் வேலை நிலைமையும் திருத்தப்பட்டன. கடை நிர்வாகிகள் ஊர்ச் சங்கங்களில் சேர்ந்தார்கள். பயத்தினால் செய்யப்பட்ட திருத்தம்தான். ஆயினும் திருத்தம் திருத்தமே. சட்டம் சாதிக்க எண்ணியதில் ஒரு பகுதியைச் சட்டத்தைப் பற்றிய அச்சமே சாதித்துவிட்டது.

பிறகு பீச் பழம் துணைக்கு வந்தது. 1936இல் டப்பாவில் அடைக்கும் பீச் பழம் அளவுக்கு மீறி விளைந்து தேங்கிக் கிடந்தது. விலை விழுந்து, பயிரிட்டவர்கள் கதிகலங்கி நின்றார்கள். சங்கிலிக் கடைகள் அவர்களுடைய கூட்டுறவு ஸ்தாபனத்தோடு பேசி, நாடெங்கும் உள்ள தம் ஆயிரக்கணக்கான கடைகளின் முகப்பில் அந்தப் பழ டப்பாக்களை அடுக்கி, விளம்பரம் செய்து, தேக்கத்தை விற்றுத் தீர்த்தன. எந்தச் சட்டசபைத் தீர்மானமும் அந்த விவசாயிகளுக்கு அத்தனை விரைவில் அந்த நன்மையைச் செய்திருக்க முடியாது. தேர்தல் நெருங்கியபோது அவ்விவசாயிகள் யார் பக்கம் நின்றார்கள் என்று சொல்ல வேண்டுவதில்லை. கலிபோர்னியாவில் விவசாயிகளின் வார்த்தைக்கு அரசியலில் பெருமதிப்பு. அந்த மதிப்பு அப்படியே கம்பெனிகளின் பக்கம் வந்து சேர்ந்தது.

கடைசி வாரங்களில் விளம்பரப் பலகைகளும் வானொலியும் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லின: 22 என்பது உங்கள்மேல் விழும் வரி. இதன் சாமர்த்தியம் கூர்ந்து நோக்கத்தக்கது. வரி கட்டுகிறவர் யாரோ ஒரு பெரும் முதலாளி என்று எண்ணியிருந்த இல்லத்தரசிக்கு, கட்டப்போவது தன் கைப்பணம் என்ற எண்ணத்தை அது உண்டாக்கிவிட்டது. ஊரின் வியாபாரம் யார் கையில் இருக்க வேண்டும் என்று வாக்குச் சீட்டு கேட்ட கேள்வி மறைந்து, நாளைக்கு மாவு என்ன விலை விற்கும் என்ற கேள்வி அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. மந்த காலத்தில், வேலை நிச்சயமில்லாத குடும்பத்தில், அந்த இரண்டாவது கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. அப்பதிலைச் சொன்ன ஏழைப் பெண்ணைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. எதிர்ப்பக்கத்தில் சிறு வியாபாரிகள் பேசியதெல்லாம் தம் கஷ்டத்தையே. வாங்குகிறவருக்குத் தாம் என்ன செய்கிறோம், இனி என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல அவர்கள் முன்வரவில்லை. வாக்களித்தவர்களில் சுமார் 56 சதவீதத்தினர் வரி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கம்பெனிகள் எங்கும் இவ்வாறு வென்றுவிடவில்லை. 1938இல் கொலராடோ மாநிலத்தில் இதே கேள்வி ஜன வாக்குக்கு வந்தபோது, சங்கிலிக் கடை வரி நீடிக்கட்டும் என்றே ஜனங்கள் தீர்ப்புச் சொன்னார்கள். ஆகவே பணமும் விளம்பரமும் இருந்தால் எதையும் சாதிக்கலாம் என்று முடிவு கட்டிவிடலாகாது.

மாநிலங்களில் இவ்வாறு போர் நடந்துகொண்டிருக்க, தலைநகரத்தில் சிறு வியாபாரிகளின் கொடியைத் தூக்கிப் பிடித்தவர் டெக்சாஸ் மாநிலத்து டெக்சார்கானாவிலிருந்து பிரதிநிதி சபைக்கு வந்த ரைட் பாட்மன். எளிய குடும்பத்தில் பிறந்தவர். பெரிய வங்கிகளையும் பெரிய கம்பெனிகளையும் ஆயுள் முழுவதும் எதிர்த்தவர். 1929 முதல் 1976இல் இறக்கும்வரை இடைவிடாமல் அச்சபையில் அங்கம் வகித்தவர். செனட் சபையில் பெரும்பான்மைக் கட்சித் தலைவரான ஜோசப் ராபின்சனோடு சேர்ந்து அவர் நிறைவேற்றிய ராபின்சன்–பாட்மன் சட்டம் 1936 ஜூன் 19ஆம் தேதி அமலாயிற்று. ஒரே பண்டத்தை ஒருவருக்கு ஒரு விலையும் மற்றவருக்கு வேறு விலையுமாக விற்றுப் போட்டியைக் கெடுப்பதையும், போலித் தரகையும், ஒருவருக்கு மட்டும் கொடுக்கும் விளம்பரப் பணத்தையும் அது தடுத்தது. மேலே நான் சொன்ன சாய்ந்த தராசை நிமிர்த்த முயன்ற சட்டம் இது. அந்த அளவில் இது நியாயமானது என்றே கருதுகிறேன். ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. அச்சட்டத்தின் நகலைத் தயாரித்தவர் மொத்த மளிகை வியாபாரிகள் சங்கத்தின் வழக்கறிஞர். சிறு கடைக்காரரின் பெயரால் பேசப்பட்ட பேச்சுக்குப் பின்னால், சங்கிலிக் கடைகளால் தம் பிழைப்பே போய்விடும் என்று அஞ்சிய இடைத் தரகர்களின் கை இருந்தது.

1938இல் பாட்மன் இன்னும் ஒரு படி மேலே போனார். நாடு முழுவதிலும் சங்கிலிக் கடைகளுக்கு மத்திய சர்க்கார் வரி விதிக்க வேண்டும்; கம்பெனியின் அளவுக்கேற்பக் கடை ஒன்றுக்கு 50 டாலரில் தொடங்கி 1,000 டாலர் வரையில் உயரும் வரியை, அக்கம்பெனி எத்தனை மாநிலங்களில் வியாபாரம் செய்கிறதோ அந்த எண்ணால் பெருக்க வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். 40 மாநிலங்களில் பரவிய கம்பெனியின் கடை ஒன்றுக்கு 40,000 டாலர் வரையில்! ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கும் குறைவாக லாபம் ஈட்டிய ஏ அண்ட் பி கம்பெனி 47 கோடி டாலர் வரி கட்ட வேண்டியிருக்கும் என்று கணக்கிடப்பட்டது. மரண தண்டனை மசோதா என்று எதிரிகள் இதற்கு இட்ட பெயர் மிகைப்பட்டதன்று. கலிபோர்னியாவின் அனுபவத்துக்குப் பிறகும் பாட்மன் இவ்வளவு கடுமையான ஓர் ஆயுதத்தைத் தேர்ந்தெடுத்தது பெரும் பிழை. நியாயமான ஒரு குறையை நம்பி நின்றவர்கள், இந்த எண்ணைக் கேட்ட மாத்திரத்தில் நியாயத்தின் பக்கமிருந்து பழிவாங்குதலின் பக்கம் போய்விட்டதாகத் தோன்றினார்கள்.

ஹார்ட்போர்டு சகோதரர்கள் கார்ல் பையோர் என்ற பிரசார நிபுணரை அமர்த்தினார்கள். இளம்பிள்ளை வாத நிவாரணத்துக்காக ரூஸ்வெல்ட்டின் பிறந்தநாளன்று நாடெங்கும் நடன விழாக்களை ஏற்பாடு செய்து பெயர் வாங்கியவர் அவர். 1938 செப்டம்பரில் சகோதரர் இருவரும் கையொப்பமிட்ட ஒரு நீண்ட விஞ்ஞாபனம் நாடெங்கும் நூற்றுக்கணக்கான பத்திரிகைகளில் முழுப் பக்கமாக வெளிவந்தது. கம்பெனி மூடப்பட்டாலும் தங்களிருவருக்கும் வாழ்க்கைக்குக் குறைவில்லை. ஆனால் 85,000 ஊழியர்களும், மலிவாக வாங்கும் குடும்பங்களும், விளைபொருள் விற்கும் விவசாயிகளும் என்ன ஆவார்கள் என்பதே அதன் சாரம். வெளிச்சத்துக்கு வராமலே கோடீசுவரர்களாயிருந்த இருவர், எதிர்ப்பதை நாங்களே எதிர்க்கிறோம் என்று ஜனங்களுக்கு நேராகச் சொன்ன வார்த்தை அது. கம்பெனி தொழிற்சங்கங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அதுவரை எதிரியாயிருந்த அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனம் மசோதாவை எதிர்த்துச் சாட்சி சொல்ல வந்தது. இதுவரையில் நடந்தவற்றை யுத்த தர்மத்துக்கு உட்பட்டவை என்று ஒப்புக்கொள்ளலாம்.

ஆனால் பையோர் செய்தது இவ்வளவோடு நிற்கவில்லை. விலைக்குள் மறைந்திருக்கும் வரிகளை எதிர்க்க இல்லத்தரசிகள் தாமே கூடிய சங்கம் என்ற தோற்றத்தோடு ஒரு தேசிய ஸ்தாபனம் முளைத்தது. கட்டடச் சொந்தக்காரர்களின் சங்கம் என்று இன்னொன்று முளைத்தது. ஊருக்கு ஊர் அவற்றின் கிளைகள் கூடித் தீர்மானங்கள் நிறைவேற்றின. சட்டசபை அங்கத்தினர்களுக்குக் கடிதங்கள் குவிந்தன. இவற்றுக்குப் பணம் வந்த ஊற்று ஏ அண்ட் பி. கூடிய பெண்களில் மிகப் பலர் மனப்பூர்வமாகவே அந்தக் கருத்தை உடையவர்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் தங்களைக் கூட்டிவைத்தவர் யார் என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. ஒரு குடியரசில் ஒருவர் தம் கட்சியை எவ்வளவு உரக்கப் பேசினாலும் தகும். பேசுகிறவர் யார் என்பதை மறைத்துப் பேசுவது தகாது. 1940 வசந்த காலத்தில் பிரதிநிதி சபையின் உபகமிட்டி மசோதாவை விசாரித்தபோது, பாட்மன் இந்த மறைவான கையைத் தாக்கினார். அதோடு நின்றிருந்தால் அவர் சொல் எடுபட்டிருக்கும். பையோர் முன்னொரு சமயம் ஜெர்மன் சுற்றுலா இலாகாவுக்காக வேலை செய்ததைப் பிடித்துக்கொண்டு, அவரை நாஜிகளின் கையாள் என்று குற்றம் சாட்டினார். அக்குற்றச்சாட்டு ருசுவாகவில்லை, விசாரித்த மத்தியப் புலனாய்வு இலாகா அவரைக் குற்றமற்றவர் என்று விட்டது. விவசாய ஸ்தாபனங்களும் தொழிற்சங்கங்களும் வரிசையாக வந்து எதிர்ப்புச் சாட்சி சொல்ல, மசோதா அக்கமிட்டியிலேயே மடிந்தது.

இதற்குள் சரித்திரம் வேறு வழியில் நடந்துகொண்டிருந்தது. 1930இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் மைக்கேல் கல்லன் என்பவர், வாங்குகிறவர்களே பண்டங்களை எடுத்துக்கொள்ளும் மாபெரும் கடை ஒன்றைத் திறந்திருந்தார். சூப்பர் மார்க்கெட் என்று இன்று உலகம் அறிந்த ஏற்பாடு அது. சங்கிலிக் கடைகளின்மேல் விழுந்த வரியோ கடையின் பருமனைப் பார்க்கவில்லை, எண்ணிக்கையையே பார்த்தது. ஐந்து சிறு கடைகளை மூடிவிட்டு ஒரு பெருங்கடையைத் திறந்தால் வரியும் குறையும், லாபமும் பெருகும் என்பதைக் கண்டுகொள்ளக் கம்பெனிகளுக்கு அதிக காலம் பிடிக்கவில்லை. 15,000க்கு மேலிருந்த ஏ அண்ட் பி கடைகள் 1940களின் தொடக்கத்தில் 6,000 அளவுக்குச் சுருங்கின, விற்பனையோ ஏறியது. மூடப்பட்ட சிறிய சங்கிலிக் கடையோடு போட்டியிட்டுத் தாக்குப்பிடித்த மளிகைக் கடைக்காரர்களில் பலரால், அடுத்து வந்த பெருங்கடையின் முன்னே நிற்க முடியவில்லை. இந்த மாற்றத்துக்கு மோட்டார் வாகனமும் குளிர்ப்பெட்டியும் காரணங்கள். வரி ஒன்றே காரணம் என்று சொன்னால் தவறாகும். எனினும், எதைத் தடுக்கச் சட்டம் பிறந்ததோ அதை விரைவுபடுத்த அச்சட்டமும் ஒரு கை கொடுத்தது என்பதை மறுக்க முடியாது.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். சர்க்காரின் நீதி இலாகா ஏ அண்ட் பி கம்பெனியின்மேல் தொடுத்த குற்ற வழக்கில், 1946இல் இல்லினாய் மாநிலத்து டான்வில் நகர நீதிமன்றம் கம்பெனியையும் சகோதரர்களையும் குற்றவாளிகள் என்று தீர்த்தது. பையோரின் கம்பெனிக்கும் அபராதம் விழுந்தது. அதற்குள் பெரிய கம்பெனிகளைக் குறைப்பது என்ற இலட்சியம் அரசியல்வாதிகளின் வாயிலிருந்து மெல்ல மறைந்து, சிறியவர்களுக்குக் கடன் கொடுப்பது என்ற இலட்சியம் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. ஐசன்ஹோவர் ஆட்சியில் 1953 ஜூலை 30ஆம் தேதி சிறு தொழில்களுக்கென்று ஒரு தனி நிர்வாக இலாகா சட்டப்படி அமைந்தது. இரு கட்சிகளுக்கும் அது உவப்பான ஏற்பாடு. கடன் கொடுப்பதாகச் சொன்னால் பகையாளிகள் உண்டாவதில்லை. இந்தியாவில் 2012 டிசம்பரில், பல பொருள் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டை 51 சதவீதம் வரையில் அனுமதிப்பது பற்றிப் பாராளுமன்றம் விவாதித்தபோதும், விவசாயிக்கு நல்ல விலை, வாங்குகிறவருக்கு மலிவு, சிறு கடைக்காரருக்கு அழிவு என்ற அதே மூன்று வாதங்கள்தாம் எதிரொலித்தன. அவற்றைக் கேட்டவர்களில் கலிபோர்னியாவின் பீச் பழத்தை அறிந்தவர்கள் மிகச் சிலரே இருந்திருப்பார்கள்.

பாட்மன் அழிக்க முயன்ற ஏ அண்ட் பி, சட்டத்தால் அழியவில்லை. காலத்தோடு ஓட முடியாமல் தளர்ந்து, 2015இல் தன் கடைகளை விற்றும் மூடியும் முடிவெய்திற்று. ராபின்சன்–பாட்மன் சட்டம் இன்றளவும் ரத்து செய்யப்படவில்லை. நெடுங்காலம் எடுத்து வழங்குவாரின்றிக் கிடந்த அச்சட்டத்தின் கீழ், இருபதாண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பிறகு, மத்திய வர்த்தகக் கமிஷன் 2024 டிசம்பரில் மது வகைகளை மொத்தமாக விநியோகிக்கும் ஒரு பெரிய கம்பெனியின்மேல் வழக்குத் தொடுத்தது. பெரிய சங்கிலிக் கடைகளுக்குக் கொடுத்த விலையை அண்டையிலுள்ள சிறு கடைகளுக்குக் கொடுக்க மறுத்தது என்பதே அவ்வழக்கில் கூறப்பட்ட குற்றம்.